அப்பொலோனியாவின் சீவாளி

காலையில் பெட்டியைத் திறந்தபோது சீவாளி ஈரமாக இருந்தது.

முந்தின நாள் மாலை பியரீனாதான் அதைக் குழலிலிருந்து அவிழ்த்து, துடைத்து, கம்பளித் துண்டில் சுற்றி, பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நவம்பர் மூடுபனியில் வெனிஸ் நகரமே நசநசத்துக் கிடக்கும். போர்வையும் ரொட்டியும் ஜெபப் புத்தகமும் கால்வாய்ப் பக்கத்துச் சுவரும் ஒரே பாசி வாடையில் ஊறிப்போயிருக்கும். ஆனால் அந்த ஈரம் குளிர்ச்சியானது. இது வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் உதட்டிலிருந்து எடுத்து வைத்ததுபோல.

பியரீனா வளர்ந்த அநாதை விடுதியில் எவளுக்கும் தகப்பன் பெயர் கிடையாது. கைக்குழந்தையாகச் சுவரிலிருக்கும் சுழல்பெட்டியில் போடப்பட்டு உள்ளே வந்தவர்கள் எல்லோரும். நன்றாக வாசிக்கிறவளுக்கு வாத்தியமே குடும்பப் பெயராகிவிடும். வயலின் சில்வெஸ்திரா. சல்மோ அப்பொலோனியா. பியரீனாவுக்குப் பத்தொன்பது வயது. இன்னும் வெறும் பியரீனா. டிசம்பரில் புனித லூசியா திருநாள் மாலை வழிபாட்டில், வயலின்கள் சூழ சல்மோ தனித்து ஒலிக்கும் கான்செர்ட்டோவைப் பிசகில்லாமல் வாசித்தால் பதிவேட்டில் அவள் பெயர் ஏறும். பிசகினால் சலவை அறை, சாகும்வரை. மேற்பார்வை பார்க்கும் பெனெதெத்தா அம்மா அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

சல்மோ, ஒரு முழத்துக்கும் குறைவான மரக்குழல். ஓபோக் குழலைப் போலக் கணீரென்று எழும்பாது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல அடங்கி ஒலிக்கும். அதை வாசிக்கிறவர்கள் சொற்பம், அதற்கென்று எழுதுகிறவர்கள் அதைவிடச் சொற்பம். இந்தக் கான்செர்ட்டோ அப்பொலோனியாவின் மூச்சை அளந்து எழுதப்பட்டது. நடுப்பகுதியில் வயலின்கள் எல்லாம் ஓய்ந்தபின், குழல் மட்டும் ஒரே சுரத்தில் தனியாக நிற்க வேண்டும். மெதுவான பதினாறு தாளத் தட்டு. பியரீனா பதினொன்றிலேயே திணறிவிடுவாள்.

அப்பொலோனியா அக்டோபரில் காய்ச்சலில் போய்விட்டாள். வாசித்தவள் இறந்தால் குழல் அடுத்தவளுக்கு வரும். சீவாளி மட்டும் அவள் உள்ளங்கையில் வைத்து அவளோடு புதைக்கப்படும். ஒருத்தி வாய்ப்பட்டதில் இன்னொருத்தி வாய் படக் கூடாது. பிணத்தைக் குளிப்பாட்டி உடுத்தியது பியரீனா. சீவாளி செய்ய நல்ல நாணல் தெற்கிலிருந்து வருடத்துக்கு ஒரு தரம்தான் வரும். பியரீனாவிடம் மிஞ்சியிருந்தவை எல்லாம் கீச்சிட்டன. அறையில் வேறு யாருமில்லை. அப்பொலோனியாவின் சீவாளிக்குப் பதிலாகக் கீச்சிடும் ஒன்றை அந்தக் கையில் திணித்தாள். விரல்கள் மடங்க மறுத்தன. ஒவ்வொன்றாக மடக்கினாள்.

ஈரத்தைக் கண்ட அன்று ஒத்திகையில், பதினொன்றாவது தட்டில் அவள் மூச்சு முடிந்தது. சுரம் முடியவில்லை. நெஞ்சு காலியாக ஒட்டிக் கிடக்க, உதட்டிடையே சீவாளி தானாக அதிர்ந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாறுவரை நின்றது.

"என்னடி, சமையக்கட்டுத் துருத்திய முழுங்கிட்டியா?" என்றாள் சில்வெஸ்திரா.

எல்லோரும் சிரித்தார்கள். பியரீனாவும் சிரித்தாள். அவள் சிரிப்பில் சத்தம் வரவில்லை.

அதன் பிறகு கோயிலில் அவர்கள் வாசிக்கும் மாடத்துக்கு ஏறும் முப்பத்திரண்டு படியில் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் கொதிக்கும் சூப்பை ஊதினாள். ஆவி கொஞ்சமும் கலையாமல் நேராக மேலே போயிற்று. காலை ஜெபத்தில் நாற்பது வாய்களிலிருந்தும் குளிருக்கு வெண்புகை கிளம்பியது. தன் வாயெதிரே கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒவ்வொரு காலையிலும் சீவாளி இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டுமானால் அந்தக் கையையும் மடக்கிய விரல்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் பெனெதெத்தா அம்மாவின் அறை வாசல்வரை போனாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"திருநாளுக்கு ஒம்பது நாளுதான் இருக்கு. வாசிக்க முடியலைன்னு சொல்ல வந்திருந்தா, இப்பவே சொல்லிடு."

"இல்லம்மா," என்றாள் பியரீனா. அந்த ஒரு வார்த்தைக்கே கண் இருட்டியது.

திருநாள் மாலை. மாடத்தின் இரும்புக் கிராதிக்குப் பின்னால், வெளியே முகம் தெரியாதபடி மெல்லிய கறுப்புத் திரைக்குள், பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழிருந்து மெழுகுப் புகையும், நனைந்த மேலங்கிகளின் ஆட்டு மயிர் வாடையும், வெனிஸ் வழக்கப்படி முகமூடி போட்ட கூட்டத்தின் முணுமுணுப்பும் ஏறி வந்தன. பியரீனாவுக்குப் பக்கத்து நாற்காலி காலி. அது அப்பொலோனியாவுடையது. அடுத்தவள் பெயர் பதிவாகும்வரை அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

முதல் பகுதி ஓடிப்போயிற்று. விரல்கள் மட்டும் அவளுடையவை. நடுப்பகுதி வந்தது. வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சுரம் எழுந்தது.

நான்கு. ஐந்து.

நெஞ்சில் ஒன்றுமில்லை. ஏழு.

பயத்தில் குழலை உதட்டிலிருந்து எடுத்தாள்.

சுரம் அறுபடவில்லை. அதே இடத்தில், ஆடாமல் நின்றது. மடியில் கிடந்த குழலிலிருந்து இல்லை. பக்கத்திலிருந்து. திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு. சில்வெஸ்திரா வில்லைத் தூக்கிப் பிடித்தபடி தாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு. பதினேழு. பதினெட்டு.

வயலின்கள் திரும்ப வந்தன. பக்கத்திலிருந்து குழலோசையும் வந்தது. அவள் விரல் அசையவில்லை. கடைசிப் பகுதி முடிந்தது.

கோயிலில் கைதட்டக் கூடாது. பிடித்துப்போனால் இருமுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், காலைத் தரையில் தேய்ப்பார்கள். கீழே கூட்டம் முழுவதும் இருமியது. நிற்காமல் இருமியது.

மாடத்திலேயே பெனெதெத்தா அம்மா பதிவேட்டை மடியில் விரித்துக்கொண்டு, பேனாவை மையில் தோய்த்தார். பெயர் பெறுகிறவள் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

"சல்மோ பியரீனா."

பத்தொன்பது வருடம் காத்திருந்த பெயர். அவள் வாயைத் திறந்தாள்.

எதுவும் வரவில்லை. மூச்சு உள்ளே போகவும் இல்லை.

"இங்கதாம்மா இருக்கேன்."

அவளுடைய குரல்தான். பக்கத்திலிருந்து வந்தது. பெனெதெத்தா அம்மா தலை நிமிராமல் எழுதினார்.

பியரீனா திரும்பினாள். காலி நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் வாய் இருக்க வேண்டிய உயரத்தில், குளிர்ந்த காற்றில் சின்னதாக ஒரு வெண்புகை வந்தது. கலைந்தது. மறுபடி வந்தது. அவசரமே இல்லாமல்.