வெற்றுக் குப்பி

ஒன்றுமே போடாத குப்பியில் ஈயம் இருந்தது.

ட்ரூடி ஆய்வகக் கருவி காட்டிய எண்ணை மறுபடி பார்த்தாள். ஈய ஆலை ஊரின் பிள்ளைகளுக்கு விழுந்த இருபது பால் பற்கள். எனாமல் லேசில் கரையாது. பல்லில் ஏறிய ஈயத்தை அளக்க இரண்டு நாள் அமிலத்தோடு மல்லுக்கட்டியிருந்தாள். பதினொன்றாவது பல் அவள் மகன் டார்சியுடையது. கூடவே, தன் கை சுத்தம் என்று காட்ட, வெறும் அமிலம் ஊற்றிய ஒரு வெற்றுக் குப்பி. ஈய அளவில் எல்லாப் பற்களையும் அது மிஞ்சியிருந்தது.

ஆய்வகத் தலைவர் டாக்டர் ஹார்டிங்குக்கு மகிழ்ச்சி. மந்திரியையே பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆஸ்திரேலியாவில், தேநீர் அறையிலும் தன்னை டாக்டர் என்றே அழைக்கச் சொல்பவர்.

"நல்லதாப் போச்சு. எல்லாத்துலயும் அதைக் கழிச்சுடு. மிச்சம் பூஜ்யம். ஆலைக்காரங்க மத்தியானம் போன் பண்ணுவாங்க."

"வெத்துக் குப்பி அழுக்குன்னா, மறுபடி முதல்லேர்ந்து செய்யணும் டாக்டர்."

"எதை வச்சு? பிள்ளைங்களை இன்னொரு வரிசை முளைக்க வச்சுத் தரச் சொல்லட்டுமா?"

"பூஜ்யம்னு எழுதினா அந்த மண்ணை யாரும் அள்ள மாட்டாங்க. டார்சி அதுலதான் விளையாடுறான்."

"சாப்பிடுறப்ப கை கழுவச் சொல்லு."

பற்களைக் கடித்துக்கொண்டு அவள் சுத்த அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். புதுக் கையுறை, புது அமிலம், புது வெற்றுக் குப்பிகள் மூன்று. இவை சுத்தமாக வந்தால் அந்த ஆள் கழிக்க எதுவும் இருக்காது என்ற ஆத்திரத்தில் மூடிகளைத் திருகி, அமிலத்தைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பில் அடுக்கி, காற்றாடியின் ஒரே சீரான இரைச்சலுக்குள், மூக்கை அரிக்கும் அமில நெடிக்குள், காத்திருந்தாள். இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம். கூழாங்கல் உருள்வது போல.

அடுப்பு நின்றது. குப்பிகள் ஆறின. சத்தம் நிற்கவில்லை.

முதல் மூடியைத் திறந்தாள்.

கடைவாய்ப் பல். பெரிய ஆளுடையது. வேரில் சதை. அமிலத்தில் கிடந்தும் கரையவில்லை. சிவப்பு மட்டும் மெல்லப் பரவியது.

இரண்டாவதில் மூன்று.

மூன்றாவது மூடி திறக்கவில்லை. உள்ளே பற்கள் நிறைந்து முட்டின.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஹார்டிங் போனில் பேசிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க ரத்தம். அவருக்கு அது தெரியவில்லை. கன்னங்கள் உள்வாங்கியிருந்தன.

"ஒண்ணுமில்ல," என்றார், குழறலாக. "இருபது பிள்ளைங்க. ஒருத்தர்கிட்டயும் ஒண்ணுமில்ல."

அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார். திறந்த வாய்க்குள் நாக்கு மட்டும் அசைந்தது.