ஐந்து வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்

"பயத்தை யார் வாங்கிக்கிறீங்க?" என்று நுழைவாயிலில் இருந்த பெண் கேட்டாள். பூங்காவுக்கு வருகிற எல்லாக் குடும்பத்திடமும் கேட்கிற கேள்விதான். குழம்பா ரசமா என்று பந்தியில் கேட்பவர்களின் அலுப்பு அந்தக் குரலில் இருந்தது. திரும்பும்போது வண்டி ஓட்ட வேண்டுமே என்று சேந்தன் இழுப்பதற்குள் அவன் மனைவி பூங்கோதை கழுத்தை நீட்டிவிட்டாள். அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் அப்படித்தான் நடந்தது.

அச்சமாற்றி வந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்பு, வயது வித்தியாசமுள்ள பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிவருவது பெரும் தண்டனை. பெரியதற்குப் பிடித்த ராட்சதச் சுழலில் சின்னது அலறும்; சின்னதற்குப் பிடித்த குட்டி ரயிலில் பெரியது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்பா ஒன்றோடும் அம்மா ஒன்றோடும் ஆளுக்கொரு மூலைக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் சந்தித்துச் சண்டை போடுவார்கள். பிறகு எந்தக் குழந்தையையும் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளும் இருக்கைகள் வந்தன. மிச்சமிருந்தது பயம் ஒன்றுதான். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை, பெற்றோரில் ஒருவர் கழுத்தில் ஓர் ஏற்பி. பிள்ளைக்கு வர வேண்டிய பயம் ஏற்பியை மாட்டியிருப்பவருக்குப் போய்விடும், பிள்ளை சிரித்துக்கொண்டே சுற்றும். இறங்கிய பத்து நிமிடத்தில் அவரவர் பயம் அவரவரிடம் திரும்பிவிடும்.

ஒரே நிபந்தனை, ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். மகள் நறுமுகைக்கு ஒன்பது. மகன் அகரனுக்கு மூன்றரை.

"பையனுக்கு அஞ்சு முடிஞ்சு ஒரு மாசம்" என்றான் சேந்தன், கண் இமைக்காமல். பேருந்தில் நடத்துநரிடம் பிள்ளையின் வயதைக் குறைத்தும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூட்டியும் சொல்லிப் பழகிய வம்சம் அவனுடையது. வயது என்பது இடத்துக்குத் தக்கபடி சொல்ல வேண்டிய ஒன்று என்று அவன் மனதார நம்பினான். நறுமுகை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பூங்கோதை அவள் தோளில் லேசாகக் கிள்ளினாள். போன முறை தம்பியால் எதிலும் ஏற முடியாமல் நறுமுகை வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தது அவள் நினைவில் இருந்தது. அகரன் வயதுக்கு மீறிய உயரம் வேறு. நுழைவாயில் பெண் அவர்களுக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்துவிட்டுப் பட்டையைக் கட்டிவிட்டாள்.

சேந்தன் பிள்ளைகளோடு ராட்சதச் சுழலுக்குப் போனான். பூங்கோதை, ஏற்பி மாட்டியவர்களுக்கான ஏற்பறையில் போய் உட்கார்ந்தாள். பஞ்சு வைத்துத் தைத்த சுவர்கள், வரிசையாக நாற்காலிகள், நாற்பது ஐம்பது அம்மாக்கள், ஓர் ஓரமாக நாலைந்து அப்பாக்கள். எதிரே திரையில் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒருத்தி பல்லைக் கடித்தாள், ஒருத்தி முருகா முருகா என்றாள்.

முதலில் நறுமுகையின் பயம் வந்தது. விழுந்துவிடுவோமோ, வாந்தி வந்து மானம் போய்விடுமோ என்று அதற்கு வார்த்தைகள் இருந்தன. பூங்கோதை தாங்கிக்கொண்டாள். பிறகு அகரனுடையது வந்தது. அதற்கு வார்த்தையே இல்லை. உயரம், இரைச்சல், காற்று, பக்கத்தில் இருந்த அந்நிய மனிதரின் முழங்கை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவள்மேல் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்கிற எண்ணமே அந்தப் பயத்துக்குள் கிடையாது. அதற்கு வேண்டியது அம்மா. அவளே அம்மா, அவள் எந்த அம்மாவைத் தேடுவாள்? பூங்கோதை வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

சுழல் நின்றது. மற்ற அம்மாக்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். பூங்கோதைக்குப் பயம் இறங்கவில்லை. மின்விசிறி பயமாக இருந்தது. காவலாளியின் மீசை பயமாக இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள்.

வெளியே செயற்கை அருவிக்கு மேலே ஒரு பாலம். சேந்தன் சற்றுத் தள்ளி, கழற்றிப் போட்ட செருப்புகளை வாங்க நின்றிருந்தான். அகரன் பாலத்தின் கைப்பிடிக் கம்பிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். கீழே நாற்பதடியில் பாறை. நறுமுகைக்கும் பயம் இன்னும் திரும்பியிருக்கவில்லை. "எவ்ளோ நல்லா நிக்கிறான் பாரும்மா" என்றாள் சந்தோஷமாக.

எட்டே எட்டு அடி தூரம். ஓடு ஓடு என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் பூங்கோதைக்குள் இருந்தது மூன்றரை வயதுப் பயம். அதற்கு ஓடிப்போய்க் காப்பாற்றத் தெரியாது. அவள் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா" என்று அழுதாள்.

அந்தச் சத்தத்தில்தான் சேந்தன் திரும்பினான். செருப்புகளைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். அகரன் ஒரு காலைத் தூக்கியிருந்தான். சேந்தன் பிடித்த சட்டை கிழிந்தது. இடுப்பு அரைஞாண் கயிறு கையில் சிக்கியது. அதைப் பற்றி இழுத்துப் போட்டான்.  அகரன் சிரித்தபடி எழுந்து மறுபடியும் கம்பியை நோக்கி நடந்தான்.

பூங்காவின் மேற்பார்வையாளர் ரெஜினா அவர்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், கதவைத் தாழிட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "உண்மையான வயசு என்ன சார்?"

சேந்தன் சொன்னான். அவள் அகரனின் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். ஐந்து வயதுக்குப் பிறகு ஒரு பிள்ளையின் பயம் தனியாக இருக்கும், அதை அடையாளம் கண்டு கருவி திருப்பிக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே பிள்ளையின் பயமும் தாயின் பயமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். எது யாருடையது என்று கருவிக்குத் தெரியாது. அதனால் தானாகத் திருப்பித் தராமல் நின்றுவிடும்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அகரன் மேசைமேல் கொதித்த தேநீர்க் கெட்டிலின் ஆவியில் கையை வைத்தான். சுட்டது, வீறிட்டு அழுதான். கண்ணீர் காய்வதற்குள் மறுபடியும் கையைக் கொண்டுபோனான். சேந்தன் அவனை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டான்.

"இப்படியே விட்டா?"

"வலி தெரியும் சார். அடுத்த தடவை தள்ளி நிக்கணும்னு தெரியாது. எத்தனை நாளைக்குப் பிடிச்சுக்கிட்டே இருப்பீங்க?"

திருப்பிக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது என்றாள் ரெஜினா, ஆனால் பிரித்துக் கொடுக்க முடியாது. பூங்கோதையிடம் இருக்கிற பயம் முழுவதையும், அவளுடைய சொந்தப் பயத்தையும் சேர்த்து, அப்படியே பையனுக்கு அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் செய்யாவிட்டால் அதுவும் முடியாது, அதில் இருபது நிமிடம் போய்விட்டது. சேந்தன் தன் பயத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். அது பையனோடு ஒட்டாது என்றாள் அவள்.

"இவளுக்கு?"

"பெரியவங்களுக்குப் பயம் திரும்ப வளரும். அஞ்சாறு வருஷம் ஆகும்."

பூங்கோதையைக் கேட்க வேண்டும் என்பது விதி. அவள் திரைச்சீலைக்குப் பின்னால் ஒடுங்கி நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எடுத்துக்கோங்க, யாராவது எடுத்துக்கோங்க" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா என்று சேந்தன் யோசிக்கவில்லை. யோசித்தால் கை ஓடாது. கையெழுத்துப் போட்டான்.

வெயில் தாழும் நேரத்தில் வீடு திரும்பினார்கள். நறுமுகை முன்னிருக்கையில் உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். பின்னிருக்கையில் பூங்கோதை கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தில் அடிக்கிற காற்றை அனுபவித்துக்கொண்டு வந்தாள். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு லேசாக அவளைச் சேந்தன் பார்த்ததில்லை. அகரன் சீட் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

"மெதுவா போங்கப்பா. லாரி வருது."

"சரிடா."

"கேஸை அணைச்சமாப்பா?"

 சேந்தன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அந்தப் பிஞ்சுக் குரலில், பூங்கோதை வாயால் அவன் தினமும் கேட்டு எரிச்சல்படுகிற கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. கண்ணாடியில் பார்த்தான். மகன் தன் புறங்கையைத் தன் கழுத்திலேயே வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பூங்கோதையின் மனதில் இருந்த பயங்களிலேயே பெரியது அகரனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான். அதுவும் அவனிடம் வந்து சேர்ந்திருந்தது.

அகரன் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டான். "ம்மா, நான் செத்துட்டா என்ன பண்ணுவ?"

பூங்கோதை அவனைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்விக்கு நேற்றுவரை அவள் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தியிருப்பாள். இப்போது தனக்குள் எதையோ தேடுகிறவள்போலச் சற்று யோசித்தாள். கிடைக்கவில்லை.

"தெரியலயேடா கண்ணு" என்று சிரித்து, அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். அகரன் தூங்காமல் உட்கார்ந்து, அவள் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான்.