இறங்காத மின்சாரம்

லேக் கார்டன்ஸ் வீட்டின் இரண்டாம் மாடிக்கு மஹாதேவன் ஏறியபோது மதியம் மூன்று மணி. மழையில் படிக்கட்டே இருண்டு கிடந்தது. பத்து வருடமாகக் கல்கத்தாவில் மைக்ரோவேவ் அடுப்புகளைப் பழுதுபார்ப்பவர் அவர். இந்த வீட்டுப் பக்கம் மட்டும் பதினொரு மாதமாக வரவில்லை.

கதவைத் திறந்த ராஜலக்ஷ்மி மாமி குரலைத் தாழ்த்தினாள். "அவர் போனதுலேர்ந்து அதைத் தொடவே இல்லை. ஆனா உறுமறது."

சமையலறையில் முடி கருகிய வாடை. அடுப்பின் பிளக் தரையில் கிடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிய, தட்டு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

அடுப்பின் கதவைத் திறந்தார். திறந்த நொடியே உள்ளிருக்கும் சுவிட்சுகள் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அவை ஒட்டிக்கொண்டாலும் இன்னொரு சுவிட்ச் ஃப்யூஸை எரித்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

தட்டு நிற்கவில்லை.

மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே கெப்பாசிட்டர். இரண்டாயிரம் வோல்ட்டைத் தேக்கிவைக்கும் டப்பா. பிளக்கைப் பிடுங்கினாலும் மின்சாரம் அதில் தங்கியிருக்கும். அதை வடியவிட ஒரு சின்ன ரெசிஸ்டர் உண்டு. ஸ்க்ரூடிரைவரால் கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்தார்.

பட்!

நீலப் பொறி. ஒருமுறை தெறித்தால் காலியாகிவிட வேண்டும். மறுபடி வைத்தார்.

பட்!

"அவர் அஜாக்கிரதைன்னுதான் எல்லாரும் சொன்னா," என்றாள் மாமி பின்னாலிருந்து. "நானும் திட்டினேன். கிடத்தியிருந்தப்பவே திட்டினேன்."

மஹாதேவனுக்கு முகம் எரிந்தது.

அந்த ரெசிஸ்டர் அறுந்திருந்ததைச் சென்ற வருடமே பார்த்திருந்தார். புதியது வாங்கிவரச் சோம்பல்பட்டு, சொல்லாமல் மூடிவிட்டார். ஒரு வாரம் கழித்து மாமியின் கணவர் சுந்தரராஜன் போன் செய்தார். உள்ளே பல்பு போய்விட்டது, நானே திறந்து மாற்றட்டுமா என்று கேட்டார்.

"பிளக்கைப் பிடுங்கிட்டுத் திறங்கோ சார், ஒண்ணும் ஆகாது."

அவர் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தார்.

"மாமி, சார் பேர்ல தப்பே இல்லை." தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார்.



"பதிமூணாம் நாள் வந்து சாப்பிட்டேளே," என்றாள் மாமி. பிறகு, "என்கிட்ட ஏன் சொல்றேள்? அவர்கிட்ட சொல்லுங்கோ."

அவள் பார்வை அடுப்பின் மேல் இருந்தது.

மஹாதேவன் கைகூப்பினார். "சார்... நான்தான்..."

உறுமல் நின்றது. விளக்கு அணைந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்தார். பொறி இல்லை.

மாமி வாசல்வரை வரவில்லை.

அன்று மாலை பெஹாலாவில் மஹாதேவன் வீட்டுக் கதவைத் திறந்த மனைவி நாகலட்சுமி, நனைந்த குடையை வாங்கக் கை நீட்டினாள். விரல் பட்டதும் அலறிக்கொண்டு பின்வாங்கினாள். அவள் விரல்நுனியில் கருகிய ஒரு புள்ளி.

"என்னன்னா இது? உங்க கை ஷாக் அடிக்கறதே!"

"அப்பா!" என்று உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தாள்.

மஹாதேவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.