சுவரில் ஐந்தாவது கோப்பை

ஏழாம் அறையிலிருந்து தம்பி பாடுவது கேட்டது. அதே பழைய பாட்டு, அதே அடித்தொண்டை. ஆனால் நடுவில் அவன் இருமவில்லை. மூன்று வருடமாக இருமாமல் ஒரு பாட்டை அவன் முடித்ததே இல்லை. லுவோ யின்சியூ துடைத்துக்கொண்டிருந்த மேசையை அப்படியே விட்டு நிமிர்ந்தாள்.

வூஹான் ஆற்றங்கரையில் அவள் நடத்திவந்த கரோக்கி விடுதியில் ஒரு காலத்தில் பரிமாறவே பதினாறு பெண்கள் இருந்தார்கள். ஜனங்கள் கும்பலாக வந்து விடிய விடியக் கத்தினார்கள். இப்போது ஒற்றையாக வருகிறார்கள், கும்பலைச் சுவர் கொடுக்கிறது. பழைய வீடியோ ஒன்றைக் கொடுத்தால் போதும், அதிலிருக்கிற முகங்கள் சுவர்த் திரையில் உட்கார்ந்து பேசும், பாடும், கோப்பையை உயர்த்தும். வேலை பார்த்த ஆலை மூடி நான்கு நண்பர்களும் ஆளுக்கொரு ஊராகச் சிதறியபின் தம்பி ஷாவ்போ வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் அந்த நால்வரையும் இந்தச் சுவரில் வரவழைத்துக் கொடுத்தாள்.

சுவர் முகங்கள் குடிக்கச் சொல்லி எவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்று திரையிலிருந்த படிவம் கேட்டிருந்தது. வற்புறுத்தாதவன் என்ன நண்பன்? விடாமல் ஊற்றுவதுதானே அன்பு? ‘முழுமையாக’ என்று தொட்டுவிட்டாள். கல்லீரல் இனி தாங்காது என்று டாக்டர் சொன்னது அதற்குப் பிறகுதான். கோப்பையில் டீ ஊற்றிக்கொள்கிறேன் என்று தம்பி சத்தியம் செய்தான். அவளும் நம்பிவிட்டாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. வாசல் காவலாளி காவ் தாஃபா.

“மேடம், ஏழுக்கு மூணாவது புட்டி போகுது. தம்பி டீதானே குடிக்கறாரு? இந்த டீ வாசம் வாசல் வரைக்கும் தூக்குதே!”

“யாரு கேட்டது?”

“யாரும் வாயத் திறந்து கேக்கலயே. தலையாட்டினா போதும், வண்டியே புட்டியக் கொண்டுபோயிடுது. அவரு ஆட்டிக்கிட்டே இருக்காரு.”

அவள் வாக்கிடாக்கியை இடுப்பில் செருகினாள். ஈரக் கம்பள வாடையும், யாரோ தின்று போட்ட காரமான வாத்துக் கழுத்தின் வாசமும், மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஒவ்வொருவரும் தனியாகச் சிரிக்கிற சத்தமும், ஜன்னலுக்கு வெளியே ஆற்றின்மேல் ட்ரோன்கள் வரைந்த மாபெரும் மீனிலிருந்து விழுந்த நீல வெளிச்சமுமாக நீண்டு கிடந்த நடையில் அவள் வேகமாக நடந்தாள். பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இப்போதும் இருமல் இல்லை.

கதவைத் தட்டினாள்.

“ஷாவ்போ?”

“வாக்கா. திறந்துதான் இருக்கு.”

கதவு தானே திறந்தது. சாராய நெடி முகத்தில் அறைந்தது. கால் நனைந்தது. தரையெல்லாம் சாராயம்.

பரிமாறும் வண்டி மேசையருகே நின்று ஊற்றிக்கொண்டிருந்தது. கோப்பை எப்போதோ நிரம்பிவிட்டது. ஊற்றி முடித்ததும் பின்வாங்கி சோபாவில் இடித்தது.

சோபாவில் தம்பி. மோவாய் மார்பில். இடித்ததும் தலை ஆடியது.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வண்டி அடுத்த புட்டியைத் திறந்தது.

அவன் கன்னத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஏனென்றால் பாட்டு இன்னும் நிற்கவில்லை.

சுவரைப் பார்த்தாள். நால்வர் இல்லை. ஐவர். நடுவில் ஷாவ்போ, சிவந்த கன்னத்தோடு, பத்து வயது குறைந்தவனாக. பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“எவ்வளவு நேரமாக் காத்திருக்கோம்! உக்காருக்கா.”

“குடிக்காம எழுந்து போனா எங்களுக்குத்தான் அவமானம், அக்கா!” என்றார்கள் நால்வரும், ஒரே மூச்சில்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இழுத்தாள். அசையவில்லை.

“தாஃபா! கதவத் திற! தாஃபா!”

வாக்கிடாக்கியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நால்வரின் சிரிப்பு.

வண்டி மெல்லத் திரும்பி அவளிடம் வந்தது. தட்டில் ஒரே ஒரு கோப்பை. விளிம்பு வரை.

தலையாட்டக் கூடாது. ஆட்டவே கூடாது. ஆனால் நடுக்கம் காலில் தொடங்கி, தோளுக்கு ஏறி, கழுத்துக்கு வந்துகொண்டிருந்தது.

சுவரில் ஷாவ்போ எழுந்து நின்றான். மூத்தவளுக்கு முன் இளையவன் பிடிக்க வேண்டிய முறைப்படி, தட்டிலிருந்த அவள் கோப்பையின் விளிம்புக்குக் கீழே தன் கோப்பையை இரண்டு கையாலும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் காத்திருந்தான்.