உறுமும் பேஸ் கிட்டார்

வேலூரில் நடக்கவிருந்த பள்ளி இசைப் போட்டிக்கு மூன்றே நாள்தான் இருந்தது. அப்போது பார்த்து, கோபி இடது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றான். மாதனூர் சாலையில் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டானாம்.

ஆம்பூர்ப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மூன்று பேர் சேர்ந்த குழு அது. கோபிக்கு கிட்டார், மோகனாவுக்கு டிரம்ஸ், ஆஃப்ரீனுக்கு பேஸ் கிட்டார். பேஸில் நான்கே நான்கு தடித்த கம்பிகள். தட்டினால் அடிவயிறு அதிரும். ஆனாலும் கிட்டார் இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாகிவிடும்.

பேசாமல் விலகிவிடலாம் என்றாள் மோகனா. கோபி தன் ஓவர்டிரைவ் பெடலை ஆஃப்ரீனிடம் நீட்டினான். காலால் மிதித்தால் கிட்டார் ஓசையைக் கரகரவென்று உறும வைக்கும் சின்னப் பெட்டி அது. பேஸே உறுமினால் கிட்டார் இல்லாத குறை தெரியாது என்று நினைத்தான்.

ஆஃப்ரீன் ஒயரை மாட்டிப் பெடலை மிதித்தாள். பேஸ் உறுமத்தான் செய்தது. ஆனால் அந்த அதிர்வு காணாமல் போய்விட்டது. டின்னுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இருக்கிறது என்று மோகனா சிரித்தாள். பெடலின் திருகுகளை எப்படித் திருப்பினாலும், உறுமல் வந்தால் அதிர்வு போனது, அதிர்வு வந்தால் உறுமல் போனது.

கோபி முகம் வாடி மூலையில் உட்கார்ந்துவிட்டான். அவன் பக்கத்தில் அவனுடைய ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. ஆஃப்ரீன் அதையே பார்த்தாள்.

"கோபி, உன் பெட்டி சும்மாதானே இருக்குது?"

இசை அறை அலமாரியில் இரண்டாகப் பிரியும் ஒயர் ஒன்று கிடைத்தது. அதை பேஸில் மாட்டி, பிரிந்த ஒரு முனையை நேராகத் தன் ஸ்பீக்கர் பெட்டியில் செருகினாள். இன்னொன்றைப் பெடல் வழியாக கோபியின் பெட்டிக்குக் கொண்டுபோனாள். கம்பியைத் தட்டினாள்.

ஒரு பெட்டி அதிர்ந்தது. மற்றது உறுமியது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. மோகனா டிரம்ஸ் குச்சிகளைக் கையில் எடுத்தாள்.

இன்னொரு தொல்லை மிச்சமிருந்தது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஆஃப்ரீன் தாளத்தைத் தவறவிட்டாள்.

"உனக்குக் கைதானே உடைஞ்சிருக்குது? கால் நல்லாத்தானே இருக்குது?" என்றாள் கோபியிடம்.

கோபி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான்.

போட்டி நாளன்று மூவரும் மேடையேறினார்கள். பல்லவி வந்ததும் கோபி பெடலை ஓங்கி மிதித்தான். அரங்கமே அதிர்ந்தது. குனிந்து எழுதிக்கொண்டிருந்த நடுவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாட்டு முடிந்தபின்னும் கைத்தட்டல் ஓயவில்லை.

முதல் பரிசை வலது கையால் வாங்கியவன் கோபிதான். மேடையில் பேஸ் தவிர வேறு கிட்டாரே இல்லையே, அந்த உறுமலை வாசித்தது யார் என்று ஒரு நடுவர் வியப்போடு கேட்டார்.

ஆஃப்ரீன் சிரித்தாள். "கை என்னுது சார். கால் கோபியோடது."