மூக்கன் சாணைக்குப் போன நாள்

"நிறுத்துங்க! பாய், சக்கரத்தை நிறுத்துங்க!"

தேவப்பிரியம் ராயபுரத்துச் சந்தில் தலைதெறிக்க ஓடினாள். ஒரு கையில் மண்ணெண்ணெய்த் துணி. இன்னொரு கையில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் ஆபத்து. அந்தக் கையில் இருந்திருக்க வேண்டிய இரும்பு அலகு, சந்து முனையில் சாணைக்காரர் ரஹீம் பாயின் விரல்களுக்கு நடுவே இருந்தது.

பாயின் கால் மிதித்தது. சக்கரம் சுழன்றது. சர்ர்ர்! பொறி பறந்தது.

"ஐயோ!"

பாயின் கால் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா பாப்பா, உன் கையையே சாணையில வெச்ச மாதிரி கத்துற?"

"அது கத்தி இல்ல பாய்! எங்கப்பாவோட அலகு! இழைப்புளிக்குள்ள மாட்டுறது!"

"இரும்பா கீது, முனை மொண்ணையா கீது. என் கைக்கு வந்தா எல்லாம் கத்திதான்" என்றார் பாய். ஆனாலும் அவர் முகம் மாறிவிட்டது. "தோ, இந்தப் பொண்ணுதாம்மா குட்த்துச்சு."

பாய் காட்டிய பக்கத்தில் பிரியத்தின் வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். சொக்கம்மாள். கடலோரக் குப்பத்தில் வலை வீசும் தேசப்பனின் மகள். அம்மாவின் அரிவாள்மனையைச் சாணைக்குக் கொண்டுவந்திருந்தாள். பிரியம் பார்த்ததும் சொக்கம்மாள் மின்கம்பத்துக் காக்காயைப் பார்த்தாள்.

"எங்க ஜன்னல்லேர்ந்து நீதான் எடுத்தியா?"

சொக்கம்மாளின் கண் காக்காயை விட்டு நகரவில்லை. காக்காயும் பறந்துபோகவில்லை.

பிரியம் அலகை வாங்கி வெயிலில் திருப்பினாள். வளைவின் ஒரு ஓரம் மழுங்கி, தட்டையாகிப் போயிருந்தது. கடுகளவுதான். ஆனால் கடுகளவு போதும், எல்லாம் கெட்டுப்போக.

*

பிரியத்தின் அப்பா சவரிநாதன் தச்சர். வீட்டின் பின்கட்டுதான் பட்டறை. அலகுகளைச் சுத்தம் செய்வது பிரியத்தின் வேலை. மரப்பிசின் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். கடற்காற்றில் துரு பிடித்திருந்தால் செங்கல் பொடி போட்டுத் தேய்க்க வேண்டும்.

ஒவ்வொரு அலகுக்கும் ஒரு வடிவம். அலகில் பள்ளம் இருந்தால் மரத்தில் மேடு விழும். அலகில் மேடு இருந்தால் மரத்தில் பள்ளம் விழும். அவற்றுக்குப் பிரியம் பெயர் வைத்திருந்தாள். பல் போல் இருப்பது பல்லன். வயிறு தள்ளியது தொந்தி. நடுவில் புடைத்திருப்பது மூக்கன்.

அவற்றோடு பேசவும் செய்வாள். வேறு யாரோடு பேசுவது?

அம்மா இறந்த பிறகு எண்ணூரை விட்டு இங்கே வந்தார்கள். அப்பா காலையில் வெளிவேலைக்குக் கிளம்பினால் பொழுது சாயும் நேரத்தில்தான் திரும்புவார். போகும்போது ஒரே வார்த்தைதான்: "பட்டறையைத் திறந்து போட்டுட்டு எங்கயும் போகாத கண்ணு. ஆயுதம் பத்திரம்." பள்ளிக்கூடத்துக்கோ விடுமுறை. சந்தில் பிள்ளைகள் பாண்டி ஆடும் சத்தம் ஜன்னல் வழியாக வரும். பிரியம் போக மாட்டாள். முதல் நாளே அவள் தலைமுடியைப் பார்த்து ஒருவன் "ஏய், மரத்தூளு!" என்று கத்த, எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"மூக்கா, அவங்க கிடக்கிறாங்க, விடு" என்பாள். மூக்கன் பதில் சொல்லாது. பல்லனும் அப்படித்தான். சண்டை போடாத கூட்டாளிகள்தான். ஆனால் ஒரு தடவையாவது சண்டை போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

இன்று அந்த மூக்கனுக்குத்தான் ஆபத்து வந்துவிட்டது.

பொன்னுரங்கம் என்ற பெரிய மனிதர் திருவொற்றியூரில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசல் கதவைச் சுற்றி நாலு பக்கமும் வளைவு இழைத்த சட்டம் வேண்டும் என்றார். மூன்று சட்டங்கள் முடிந்துவிட்டன. நாலாவது மட்டும் பாக்கி. மூன்றையும் இழைத்தது மூக்கன்தான். நாலாவதையும் அதே மூக்கன்தான் இழைக்க வேண்டும்.

"இன்னிக்கு சாயந்திரம் வந்து பாப்பேன் சவரி. நாலும் ஒண்ணா பொருந்தி நின்னா, வூட்டு மரவேலை மொத்தமும் உனக்குத்தான்" என்று பொன்னுரங்கம் சொல்லியிருந்தார்.

பொருந்தாவிட்டால்?

அதையும் அப்பா மறைக்கவில்லை. "கப்பல்ல தச்சு வேலைக்குக் கூப்பிடுறாங்க. போய்த்தான் ஆகணும். நீ மாத்தூர் அத்தை வூட்ல இருந்துக்கோ."

அத்தை நல்லவள்தான். முறுக்குகூடச் சுட்டுத் தருவாள். ஆனால் அங்கே அப்பா இருக்க மாட்டார்.

*

பிரியம் வேகவேகமாக வீட்டுக்கு நடந்தாள். பின்னால் இன்னொரு ஜோடிக் கால்களின் சத்தம்.

"எதுக்கு பின்னாலயே வர்ற?"

"சும்மா" என்றாள் சொக்கம்மாள்.

"அலகை ஏன் எடுத்தே?"

"அப்பால சொல்றேன்."

பிரியம் வாசல் கதவைச் சாத்தப் போனாள். அதற்குள் சொக்கம்மாள் அரிவாள்மனையோடு உள்ளே நுழைந்துவிட்டாள். அரிவாள்மனை வைத்திருப்பவளை யார் தடுப்பது?

பிரியம் மூக்கனை இழைப்புளியில் மாட்டி ஒரு துண்டு மரத்தில் ஓட்டினாள். மரச்சுருள் வந்தது. வளைவும் விழுந்தது. அதை முடித்து வைத்த சட்டத்தோடு ஒட்டி வைத்தாள்.

ஒட்டவில்லை. ஒரு ஓரத்தில் படி தட்டியது. கண் தெரியாதவர்கூட விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார்.

"போச்சு" என்றாள் பிரியம்.

"இன்னும் கொஞ்சம் தேச்சா சரியாப் பூடாதா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது! இந்த மாதிரி அலகுல வளைவுப் பக்கம் கையே வைக்கக் கூடாது. பின்னால தட்டையா இருக்கு பாரு, அந்தப் பக்கத்தை மட்டும்தான் கல்லுல தேய்க்கணும். வளைவைத் தேய்ச்சா உருவமே மாறிடும். அப்புறம் அது வேற யாரோட மூக்கோ ஆயிடும்."

சொக்கம்மாள் முகம் சுருங்கிப்போனது. "சத்தியமா தெரியாது. கத்தின்னா எல்லாப் பக்கமும் தீட்டுவாங்கன்னு நெனச்சிட்டேன்."

பிரியத்துக்குக் கோபம் கொப்பளித்தது. ஆனால் சொக்கம்மாள் அந்தப் படியை விரலால் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டாள். கோபம் எங்கோ இடறி விழுந்தது. திட்டினால் மூக்கன் சரியாகிவிடுமா?

அவள் அலகை இழைப்புளியிலிருந்து தட்டி எடுத்தாள். அப்போது இழைப்புளியின் அடிக்கட்டை கண்ணில் பட்டது. மரத்தின் மேல் வழுக்கி ஓடும் பாகம். அதுவும் மேடும் பள்ளமுமாக, அச்சு அசலாக...

"மூக்கு!" என்று கூவினாள்.

"யாரோட மூக்கு?"

"இங்க பாரு! கட்டையிலயும் அதே வளைவுதான் இருக்கு. கட்டை சாணைக்குப் போகலையே! ஓரத்தை மட்டும் சரிபண்ணக் கூடாது. வளைவு முழுக்க அந்தக் கடுகளவு பின்னால தள்ளணும். தள்ளினா பழைய உருவம் வந்துடும்!"

"எவ்ளோ தள்றதுன்னு எப்படித் தெரியும்?"

பிரியம் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சிம்னி விளக்கை ஏற்றி அலகின் தட்டைப் பக்கத்தைச் சுடரின் மேல் காட்டினாள். கரி படிந்து அலகு கறுத்தது. அதை மறுபடி கட்டையில் மாட்டி, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்படி நிறுத்தினாள். கட்டையின் வளைவை ஒட்டியே ஊசியால் ஒரு கோடு கிழித்தாள். கறுப்புக்கு நடுவே வெள்ளிக் கோடு மின்னியது.

"இந்தக் கோடு வரைக்கும் தேய்க்கணும். ஒரு மயிரிழைகூடத் தாண்டக் கூடாது."

அவள் வால் அரத்தை எடுத்தாள். மெல்லிய, உருண்டையான அரம். முன்னும் பின்னுமாக அழுத்தி இழுத்தாள். அரம் வழுக்கியது. கோட்டைத் தொடப் போனது.

"குடு இப்பிடி" என்று சொக்கம்மாள் அரத்தை வாங்கினாள். "எங்க நைனாவோட தூண்டி முள்ளெல்லாம் நான்தான் தீட்டுவேன். அதுவும் வளைவுதான? தள்ளும்போது அழுத்தணும். இழுக்கும்போது தூக்கிடணும். நீ ரெண்டு பக்கமும் போட்டு இழுத்துகினு கீற, பாவம் அது."

பிரியம் அலகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சொக்கம்மாள் தேய்த்தாள். கீச்... கீச்... நாலு தேய்ப்புக்கு ஒரு தடவை இருவரும் தலையை முட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்தார்கள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"நிறுத்து! நிறுத்து!"

பென்சிலில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி, அரம் கீறிய தடங்களைப் பிரியம் போக்கினாள். கடைசியாகத் தட்டைப் பக்கத்தை எண்ணெய்க்கல்லில் படுக்க வைத்து நிதானமாகத் தேய்த்தாள். கட்டை விரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள். அலகு வழுக்கவில்லை, கவ்வியது.

துண்டு மரத்தில் மறுபடி ஓட்டம். நீளச் சுருள் ஒன்று எழுந்து சொக்கம்மாளின் மூக்கில் இடித்தது. அவள் தும்மினாள். சட்டத்தோடு ஒட்டி வைத்தார்கள். முக்கால்வாசி பொருந்தியது. கால்வாசி பொருந்தவில்லை.

"பேஜாருடா சாமி" என்றாள் சொக்கம்மாள்.

மறுபடி விளக்குக் கரி. மறுபடி ஊசி. இந்த முறை இரண்டே தேய்ப்புகள்.

பொருந்தியது.

*

அப்பா வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கைகால் கழுவினார். மூக்கனை எடுத்தார். எடுத்தவர் அதை வெளிச்சத்தில் திருப்பினார். புது வளைவு பளபளவென்று மின்னியது.

"வளைவுல கை வெச்சது யாரு?"

சொக்கம்மாள் மரத்தூள் குவியலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினாள்.

"சாணையில பட்டுடுச்சுப்பா" என்றாள் பிரியம். "துடைச்சு ஜன்னல்ல காயவெச்சிட்டு உள்ள போயிட்டேன். ஆயுதத்தைத் தனியா விட்டது என் தப்புதான். கட்டையை வெச்சு அளவு பாத்து சரி பண்ணியிருக்கோம்."

"பண்ணியிருக்கோமா?"

சொக்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிரியம் அவள் காலை மிதித்தாள். "இவ சொக்கம்மாள்ப்பா. அரம் பிடிக்கிறதுல கெட்டிக்காரி."

அப்பா அலகை மாட்டினார். நாலாவது சட்டத்தை இழைக்கத் தொடங்கினார். சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாலு சட்டங்களையும் மூலைக்கு மூலை சேர்த்து அவர் நிமிர்ந்தபோது, வாசலில் மூக்குப்பொடி மட்டையைத் தட்டும் சத்தம் கேட்டது.

பொன்னுரங்கம் வந்துவிட்டார்.

அவர் கண்ணால் பார்க்கவில்லை. கட்டை விரல் நகத்தை மூலையில் வைத்துச் சரேலென்று இழுத்தார். நகம் தட்டினால் வேலை போச்சு. முதல் மூலை. இரண்டாவது மூலை. மூன்றாவது மூலையில் நின்று ஒரு பெரிய தும்மல் போட்டார். பிரியத்துக்கு உயிரே போய்விட்டது.

நாலாவது மூலை.

"இன்னாப்பா இது" என்றார் பொன்னுரங்கம். "இதுல இன்னிக்கு இழைச்சது எது?"

"நீங்களே சொல்லுங்க" என்றார் அப்பா.

பொன்னுரங்கம் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தவறான சட்டத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவரே சிரித்துவிட்டார். "நாளைக்குக் காலையில வந்து ஜன்னலுக்கெல்லாம் அளவு எடுத்துக்கோ."

அவர் போன பிறகு அப்பா நெடுநேரம் மரத்தூளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கப்பல் ஆபீசுல நான் வரலைன்னு சொல்லிடணும்" என்றார் சுவரைப் பார்த்து. அப்புறம் பிரியத்தைப் பார்த்தார். "இனிமே சாயந்திரத்துல நீ வாசல்ல விளையாடு கண்ணு. பட்டறையை நான் பாத்துக்கறேன்."

*

சொக்கம்மாள் அரிவாள்மனையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பிரியம் படி வரைக்கும் வந்தாள்.

"அப்பால சொல்றேன்னியே. இப்ப சொல்லு. ஏன் எடுத்தே?"

சொக்கம்மாள் காக்காயைத் தேடினாள். இருட்டப் போகும் நேரம். காக்காய் இல்லை.

"திருட இல்ல" என்றாள்.

"தெரியும்."

"சாணைக்குக் குடுக்கவும் எடுக்கல. கையில வெச்சிகினு உங்க ஜன்னலுக்குக் கீழயே நின்னுகினு இருந்தேன். ரொம்ப நேரம் நின்னேன். அதுக்குள்ள பாய் வந்துட்டாரு. சரி, தீட்டியாவது குடுத்தா நீ கோச்சுக்க மாட்டேன்னு..."

"ஜன்னலுக்குக் கீழ எதுக்கு நின்னே?"

"தெனம் நிக்கிறேன்" என்றாள் சொக்கம்மாள். இப்போது தரையைப் பார்த்துத்தான் பேசினாள். "எங்க அக்கா கண்ணாலம் கட்டிகினு பூட்டா. எனக்கும் யாரும் இல்ல. நீ உள்ள தனியா பேசிகினு இருப்ப. கேட்டுகினே நிப்பேன். கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வரும், அதுக்கு மேல வராது. அதான்... அந்த அலக எடுத்துட்டா, தேடிகினாவது நீ வெளிய வருவேன்னு."