மூன்றாவது சான்று

போன ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக்கு எழுதி வைத்த வரியின் வாலில் இன்று ஒரு சின்ன எண் ஒட்டியிருந்தது. ஒன்று. நீல நிறத்தில்.

வெல்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். அந்த இடத்தில் 'சான்று தேவை' என்றல்லவா இருந்தது? வகுப்பு எடுக்கும் மேடம் தன் கையால் போட்டுக் காட்டிய அடையாளம். எழுதியவன் இன்னும் ஆதாரம் காட்டவில்லை என்று படிக்கிறவர்களை எச்சரிப்பது அது. ஆதாரம் கொடுத்தால் அடையாளம் போய் எண் வரும், எண்ணைத் தொட்டால் ஆதாரம் விரியும். சென்ற வாரப் பாடமே அதுதான்.

வேலைக்குப் போகிறவர்களுக்கான வார இறுதி வகுப்பு அது. இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதப் பழகிக்கொண்டிருந்தார்கள். எழுத எடுத்துக்கொண்ட ஆள், இந்த வகுப்பையே தொடங்கி வைத்த மண்ணியல் பேராசிரியர். ஓய்வு பெற்று, கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் தனியாக இருந்தார்; வகுப்பை மேற்பார்க்க மட்டும் வந்து போவார். முதலில் பயிற்சிப் பக்கத்தில் மனம் போனபடி எழுதுங்கள் என்று மேடம் சொன்னதுதான் தாமதம், வெல்டரின் மனைவிக்குத் தம்பி, லாரி ஓட்டுகிறவன், பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டி வெல்டரின் விசைப்பலகையைப் பிடுங்கித் தட்டினான்: பேராசிரியருக்கு இடது காது கிடையாது.

"என்ன மாப்ளே இது?"

"பின்ன என்ன மாமா, அந்தப் பக்கமா நின்னு நாலு வாட்டி லீவு கேட்டேன். காதுலயே விழல. அது சும்மா ஒட்டி வச்சதுதான்."

அதே சூட்டில் அடுத்ததையும் தட்டினான்: இந்த வகுப்பில் படிக்கும் வெல்டருக்கு நாக்கு கிடையாது.

"எங்க அக்காவையே கேட்டுப் பாருங்க மேடம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் பேசுனதை எழுதுனா ரெண்டு பக்கம் தேறாது."

வகுப்பே சிரித்தது. வெல்டரும் சிரித்தான், வாயைத் திறக்காமல்.

வெல்டர் செய்த தப்பு வேறு மாதிரி. எழுத்துகளைத் தேடித் தேடிக் குத்துகிறவன் அவன். மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு 'அ' எழுதியவனுக்கு அந்த விசைப்பலகை இன்னொரு பாலர் வகுப்பு. அதனால் எப்போதோ செத்துப்போன ஓர் அறிஞரைப் பற்றிய கட்டுரையை அப்படியே எடுத்துப் பயிற்சிப் பக்கத்தில் ஒட்டி, பெயர், ஊர், படிப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தான். பாதியில் மணி அடித்துவிட்டது. கடைசி வரி மாறாமல் நின்றது: இவர் தம் வீட்டிலேயே தம் மாணவர் ஒருவரால் சுத்தியலால் அடித்துக் கொல்லப்பட்டார்.

"ஐயையோ, மனுஷன் கல்லு மாதிரி இருக்காருங்க. ஒரேயடியா கொன்னு போட்டுட்டீங்களே!" என்று மேடம் சிரித்தபடி மூன்று வரிகளுக்கும் அடையாளம் போட்டாள். "அழிக்காதீங்க. எப்படி நீக்கறதுன்னு இதை வச்சே அடுத்த வாரம் சொல்லித் தரேன்."

அந்த அடுத்த வாரம்தான் இது. வெளியே விடாத மழை. வகுப்புக்கு அவனும் மாப்பிள்ளையும் மட்டும் முதலில் வந்திருந்தார்கள். குளிர்சாதனம் ஓடாத அறையில் தூசியும் சூடேறிய ஒயரும் கலந்த பழைய வாசனை. அதற்கடியில் இன்று இன்னொன்று, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிப் புளித்த காகிதத்தைப் போல, கடைசி வரிசைப் பக்கமிருந்து மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

வெல்டர் அந்த எண்ணைத் தொட்டான்.

படம் ஒன்று விரிந்தது. வெள்ளைத் தாள். அதன் நடுவில், கடையில் விற்பனைக்கு வைத்த பொருளைப் போல நேராக, ஒரு காது. மேல் விளிம்பில் நான்கைந்து நரைமுடி. மடலில் கறுப்பு மச்சம். அறுத்த இடம் சுத்தமாக இல்லை. துணியைக் கிழித்ததுபோல் பிசிறு பிசிறாக இருந்தது. தாளில் ஊறிய சிவப்பு ஓரங்களில் மட்டும் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

"எவன் மாமா இது, இந்த மாதிரி படத்தையெல்லாம் போடறது?" மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அந்த மச்சம்..."

கதவைத் தள்ளிக்கொண்டு மேடம் வந்தாள். நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை.

"இன்னைக்கு வகுப்பு இல்லீங்க. நம்ம சாரை நேத்து சாயங்காலம் யாரோ... காதை..." தன் காதருகே கையைக் கொண்டுபோனவள் தொடாமல் இறக்கிக்கொண்டாள். "பின்னாடியிருந்து பிடிச்சிருக்காங்க. யாருன்னு பார்க்கலையாம். ஆஸ்பத்திரியில இருங்கன்னா கேக்காம வீட்டுக்கு வந்துட்டாரு. நான் போலீஸ் ஸ்டேஷன் போயிட்டு வரேன்."

வெல்டர் திரையைக் காட்டக் கையை உயர்த்தினான். மாப்பிள்ளை அந்தக் கையை மேசைக்கடியில் இழுத்து அமுக்கினான். மேடம் காதில் போனோடு போய்விட்டாள்.

"காட்டாதீங்க மாமா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அந்த வரியை எழுதுனது நான். எனக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க." அவன் உதடு வெளுத்திருந்தது. "விளையாட்டுக்குத்தானே எழுதினேன்? நீங்களே பார்த்தீங்கல்ல?"

பதிலுக்கு நிற்காமல் ஓடினான். அவன் செருப்புச் சத்தம் படிக்கட்டு முழுக்க இறங்கித் தேய்ந்தது.

வெல்டர் தன் வரிக்குப் போனான். 'கொல்லப்பட்டார்' என்பதன் பின்னால் 'சான்று தேவை' இன்னும் இருந்தது. வரியை அழித்துச் சேமித்தான். பக்கம் ஒரு கணம் வெளுத்துத் திரும்பி வந்தது. வரியும் வந்தது. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது. யார் மாற்றியது என்று பக்க வரலாற்றைத் திறந்தான். அவன் பெயருக்கு மேலே பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் மட்டும் ஒரு குறிப்பு:

நீக்க வேண்டாம். சான்று கொண்டுவரப்படுகிறது.

கடைசி வரிசையில் 'டிக்' என்று ஒரு சத்தம். மௌசை ஒரு தரம் அழுத்தும் சத்தம்.

அங்கே இருந்தது பழுதான கணினி. திரை இருட்டு. அதன் முன்னிருந்த நாற்காலி பின்னால் நகர்ந்திருந்தது. இருக்கையில் தண்ணீர் தேங்கி, ஓரத்தில் வழிந்து, சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய ஈரம் கதவு வரை போயிருந்தது.

பேராசிரியரின் வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மேடத்தின் எண் பேச்சிலேயே இருந்தது. அவன் எழுந்தான். பையைத் தூக்கியவன், உள்ளே பற்றவைப்புக் கசடு தட்டும் தன் சுத்தியல் இருப்பது நினைவு வந்ததும், சுட்டதுபோல் மேசைமேல் போட்டான். மாணவர் ஒருவரால் என்றுதானே இருக்கிறது? தன் கை வெறுங்கையாக இருந்தால் போதும். மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடியிருப்பான். வேறு எவன் வந்தாலும் குறுக்கே நின்றுவிடலாம். அவர் பிழைத்தால் சரி.

மழையில் ஓடினான். குடியிருப்பின் இரும்புக் கேட் அவனே பற்ற வைத்துக் கொடுத்தது. திறந்து கிடந்தது. வீட்டுக் கதவும்.

கூடத்தில் ஒரே ஒரு விளக்கு. சுவர் நெடுக மண் நிரப்பிய கண்ணாடிக் குப்பிகள், செம்மண்ணும் கரியமண்ணும் உப்புப் பூத்த சாம்பல் மண்ணும். மழைக்கு அவை எல்லாம் சேர்ந்து விட்ட வாசனையை மீறிக்கொண்டு அந்தப் புளித்த காகித நாற்றம் முகத்தில் அறைந்தது. பேராசிரியர் மேசையில் குனிந்து, தலை முழுக்கக் கட்டோடு, எதையோ படித்துக்கொண்டிருந்தார். காது போன பக்கம் வாசலை நோக்கி இருந்தது. மேசை ஓரத்தில் மண்கட்டி உடைக்கிற அவருடைய சுத்தியல்.

"ஐயா."

அவருக்குக் கேட்கவில்லை. அவன் குரல் எப்போதும் அப்படித்தான், தொண்டையைத் தாண்டாது.

அவர் நாற்காலிக்குப் பின்னால் திரைச்சீலை அசைந்தது. அது திரைச்சீலை இல்லை. சுவருக்கும் அவருக்கும் இடையில், நனைந்து, ஒடுங்கி, ஓர் உருவம் நின்றிருந்தது. அது குனிந்து, அவர் காலடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தது. மூலை மடங்காமல் பொறுமையாக நீவி விட்டது. பிறகு நிமிர்ந்து, வெளிறிய விரல்களை அவர் தலைக்கட்டின் மேல் வைத்தது.

"ஐயா! பின்னாடி!"

அவர் திரும்பினார். அவனைப் பார்த்துச் சிரித்தார். "அடடே, வாங்க, மழையில..."

விரல்கள் இறுகின. கட்டில் சிவப்பு ஊறியது. அவர் அலறினார்.

வெல்டர் பாய்ந்தான். கை தானாக மேசைக்குப் போனது. கைக்குக் கிடைத்ததை எடுத்தான். அந்த வெளிறிய முகத்தைப் பார்த்து ஓங்கினான். அடித்தான். அது விலகியது. மறுபடி அடித்தான். அது சாய்ந்தது. மறுபடி. ஈரமான சத்தம். இரும்பில் இரும்பு பட்டு வரும் சத்தம் இல்லை. ஏதோ வெதுவெதுப்பாகக் கண்ணாடியில் தெறித்தது. துடைக்காமல் அடித்தான்.

பிறகு எதிரே யாருமில்லை. சுவர் மட்டும்.

கீழே வெள்ளைத் தாள். அதன் மேல் தலைக்கட்டு. கட்டுக்குள் இருந்தது இப்போது தலை மாதிரி இல்லை. ஒரு கண் மட்டும் முழுசாக, அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. பயிற்சிப் பக்கத்தில் மாற்றம் வந்தால் தெரியும்படி மேடம்தான் செய்து கொடுத்திருந்தாள். சிவந்த விரலால் திறந்தான். அவன் வரியின் வாலில் எண் இரண்டு. தொட்டான். படத்தில் இதே கூடம். சுவர்ப் பக்கமிருந்து எடுத்தது. ஓங்கிய சுத்தியலும் வெறி பிடித்த முகமும். அவன் முகம்.

நான் இல்லை. சொல்ல வேண்டும். மேடத்திடம் சொல்ல வேண்டும். போலீசிடம், மனைவியிடம். அது அவரைப் பிடித்தது, நான் அதைத்தான் அடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் சொல்வதற்கு இவ்வளவு இருந்தது. வாய்க்குள் சொற்களை அடுக்கிப் பார்த்தான். மேடத்தின் எண்ணை அழுத்தினான். மணி போனது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. பயிற்சிப் பக்கத்தில் சான்றில்லாமல் ஒரே ஒரு வரி மிச்சம்.

வெல்டருக்கு நாக்கு கிடையாது. சான்று தேவை.

பின்னால் 'டிக்'.

அவன் காலடிக்கு முன்னால் ஒரு புதுத் தாள் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. வெள்ளை. மூலை மடங்காதது.

"ஹலோ? சொல்லுங்க. ஹலோ?" தரையில் விழுந்த கைபேசியில் மேடம்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். பல்லைக் கடித்தான். முகத்தை மார்பில் புதைத்தான். நாற்றம் நெருங்கியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிடரியில். அவன் விரல்களுக்கும் உதட்டுக்கும் நடுவில், எங்கே இடம் கண்டதோ, குளிர்ந்த ஒரு விரல் நுழைந்தது. நனைந்த காகிதத்தின் சுவை.

இன்னொரு விரல்.

"பேசுங்க! ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

பற்கள் மெல்லத் திறந்தன.